‘எனக்குக் கணக்கு வராதும்மா’: இதற்கு வளர்ச்சி மனப்பான்மை நிஜமாகவே உதவுமா?

பாலக்கோட்டு அம்மா | வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் கிராமம். தக்காளி, கொஞ்சம் ராகி, இரண்டு மாடு. மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய வருடம் இது. தேறிவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. எங்களைப் போன்ற வீட்டுக்கு அது பெரிய பணம். அவளோ பேரே கொடுக்கமாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், “எனக்குக் கணக்கு வராதும்மா. உனக்கும் வராதுன்னு நீயே சொல்லுவியே” என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் அப்படிச் சொல்வது உண்மைதான். அவள் காதில் விழுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வளர்ச்சி மனப்பான்மை பற்றிப் பேசினார். அறிவு பிறவியிலேயே அளந்து வைத்தது இல்லை, பயிற்சியால் வளரும், பிள்ளைகள் அதை நம்பினால் படிப்பு மாறும் என்றார். கேட்க நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து ‘என்னால் முடியும்’ என்று பெரிதாக எழுதி அவள் படிக்கும் இடத்தில் ஒட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “ஒட்டினா வந்துடுமா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது நிஜமா? வீட்டில் நான் என்ன செய்யலாம்? நான் பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன்.

---

அரூர் வாத்தியார் | வெள்ளி, இரவு 10:25

அம்மா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. ஒட்டினால் வராது.

முப்பத்தோரு வருடம் அரூர், மொரப்பூர், கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ‘வராது’ என்ற சொல்லை ஆயிரம் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். பாட்டு வராது, இங்கிலீஷ் வராது, கணக்கு வராது. நம் பேச்சில் திறமை என்பது மழை மாதிரி அதுவாக வர வேண்டும். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, நம் கையில் ஒன்றுமில்லை.

ஆனால் அதே சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் இருக்கிறது: ‘வரல.’ ‘பஸ் வரல’ என்றால் ஸ்டாப்பில் நிற்கிறோம், எட்டிப் பார்க்கிறோம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம். ‘பஸ் வராது’ என்று யாராவது சொல்லிவிட்டால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். பிள்ளைகளும் அப்படித்தான். ‘கணக்கு வராது’ என்று முடிவு செய்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் ஸ்டாப்பில் நிற்காது.

அப்புறம், சொல்லை மட்டும் மாற்றினாலும் போதாது. இதை ஓர் ஏழாம் வகுப்புப் பெண்ணிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவாள். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே. மூன்று முறை சிவப்பு மையால் அடித்துச் சரியான விடையைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்காம் முறையும் அதே தப்பு. கோபம் வந்துவிட்டது. ஆனால் அன்று என்னவோ, திட்டுவதற்குப் பதிலாக “எப்படிம்மா போட்ட?” என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “சார், கோகோவுல முதல் நாள் ரெண்டு ஆட்டத்துல ஒண்ணு ஜெயிச்சோம். அடுத்த நாள் மூணுல ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டு.”

அசந்துபோனேன். ஆட்டக் கணக்கில் அது சரிதானே! அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறாள். நான் மூன்று முறை அடித்தது அவள் யோசனையை.

“சரி, இப்போ ஒரு களி உருண்டை. பாதி சாப்பிட்ட. அப்புறம் அதே உருண்டையில மூணுல ஒரு பங்கு சாப்பிட்ட. மொத்தம் அஞ்சுல ரெண்டுன்னா, மொதல்ல சாப்பிட்ட பாதியை விடக் குறைஞ்சுபோச்சே, எப்படி?” என்றேன். நல்ல நேரம் பேசாமல் நின்றாள். தரையில் வட்டம் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். கடைசியில், “ஆறாப் பிரிச்சா ரெண்டுக்கும் ஒத்து வரும் சார்” என்றாள். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயர் அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

வளர்ச்சி மனப்பான்மை என்று ஒன்று இருந்தால் அது அந்த வட்டத்தை அழித்து மறுபடி போடக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. சுவரில் இல்லை.

---

மாரண்டஅள்ளிக்காரன் | வெள்ளி, இரவு 11:10

வாத்தியார் ஐயா சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு இந்த மனப்பான்மைப் பேச்சைக் கேட்டாலே வயிறு எரிகிறது, மன்னியுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தர்மபுரி 68.5. மாநிலத்திலேயே கடைசி. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை குறைவு என்பதாலா கடைசியில் நின்றோம்? அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை, பிள்ளை பாட்டியோடு. காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம். நான் அப்படி வளர்ந்தவன். எட்டாவதில் நான் கணக்கில் தோற்றபோது எனக்கு இல்லாமல் போனது நம்பிக்கை இல்லை. சாயங்காலம் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இல்லை.

‘நீ நம்பினால் முடியும்’ என்று சொன்னால் அதற்கு அடியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: முடியாமல் போனால் நீ சரியாக நம்பவில்லை. ஏழைப் பிள்ளை தலையில் அந்தப் பழியையும் ஏற்றி வைக்காதீர்கள்.

---

ஊத்தங்கரை மாணவி | சனி, காலை 6:50

எம்.எட். படிக்கிறேன், ஆய்வுத் தலைப்பே இதுதான். மாரண்டஅள்ளி அண்ணன் கோபத்தில் பாதி நியாயம் ஆய்வுகளிலேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கருத்தைப் பரப்பியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் கேரல் டுவெக். 1998-ல் அவரும் கிளாடியா முல்லரும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள். சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரு வரிதான். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்துச் சறுக்க வைத்து, மறுபடி முதலில் கொடுத்த அளவு எளிய புதிர்களைக் கொடுத்தார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முன்பு செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கிய பிள்ளைகள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். இன்னொன்றும் நடந்தது. எத்தனை சரி என்று இன்னொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்ற பட்டம் வாங்கியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

இனி மறுபக்கம். 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பலன் சிறியதாகத்தான் இருந்தது. 2019-ல் இங்கிலாந்தில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் செய்த சோதனையில் கூடுதல் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அதே 2019-ல் அமெரிக்காவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிப் பாடம் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் குறைந்த மாணவர்களுக்கு நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 கூடியது. சிறிய அளவுதான். ஆனால் ஒரு மணி நேரச் செலவுக்கு அது பரவாயில்லை.

நான் எல்லோரையும் கவனிக்கச் சொல்வது இதற்கடுத்த பகுதியை. எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி பலன் இல்லை. கடினமானதை முயல்வதைக் கூடப் படிப்பவர்கள் கேலி செய்யாத பள்ளிகளில்தான் பலன் தெரிந்தது. 2022-ல் அதே தரவை மறுபடி ஆராய்ந்தபோது, கணக்கு ஆசிரியரே ‘எல்லோராலும் வளர முடியும்’ என்று நினைக்கும் வகுப்புகளில்தான் மாணவர் மதிப்பெண் கூடியிருந்தது. அதாவது, பிள்ளையின் நம்பிக்கை விதை என்றால் வகுப்பறைதான் மண். அண்ணன் கேட்பதும் அதுதானே?

அம்மாவுக்கு ஒரு வார்த்தை: ‘நல்லா முயற்சி பண்ணின’ என்று சும்மா பாராட்டுவதும் உதவாது. டுவெக்கே இதை எச்சரித்திருக்கிறார். தப்பான வழியில் இன்னும் கொஞ்சம் முயன்றால் இன்னும் கொஞ்சம் சோர்வுதான் மிஞ்சும். வேறு வழியைத் தேடுவது, உதவி கேட்பது, தப்பு எந்த இடத்தில் என்று பார்ப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் முயற்சி.

---

போச்சம்பள்ளி பிளஸ் ஒன் | சனி, காலை 11:05

அக்கா எழுதிய அந்த மதிப்பெண் கூட்டிச் சொன்ன பிள்ளைகள் கதையைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. அது நான்தான்.

பத்தாவதில் 471. ஊரில் எல்லோரும் ‘புத்திசாலிப் பொண்ணு’ என்றார்கள். பிளஸ் ஒன் முதல் இயற்பியல் தேர்வில் எழுபதுக்கு 22. வீட்டில் 52 என்று சொன்னேன். விடைத்தாளை ரெக்கார்டு நோட்டு அட்டைக்குள் மறைத்து வைத்திருக்கிறேன். சந்தேகம் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிடுவார்களோ என்று நான்கு மாதமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை. கணக்கு வராது என்று சொல்கிறவர்களுக்கு மட்டும் இல்லை இந்தப் பிரச்சினை.

---

அரூர் வாத்தியார் | சனி, காலை 11:20

கண்ணு, அந்தத் தாளை வெளியே எடு. 48 மதிப்பெண் போன இடத்தைப் பார். புரியாமல் போனது எத்தனை, அவசரத்தில் விட்டது எத்தனை, அலகு எழுதாமல் விட்டது எத்தனை என்று பிரித்து எழுது. திங்கட்கிழமை அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு உன் இயற்பியல் ஆசிரியரிடம் போ. ஒன்று போதும். வீட்டில் எப்போது சொல்வது என்பது உன் விருப்பம், ஆனால் சொல்லிவிடு.

---

ஓசூர் ஃபிட்டர் | சனி, பிற்பகல் 3:30

நான் படிப்புக்காரன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் டூல் ரூம் வேலை. ஆனால் இந்த விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஃபிட்டர் டிரேடில் சேர்ந்த புதிதில் கையில் ஓர் இரும்புத் துண்டும் அரமும் கொடுப்பார்கள். துண்டை வைஸில் பிடித்து, பரப்பு சமமாகும்வரை ராவ வேண்டும். பிறகு பக்கத்து முகத்தை அதற்குச் சரியாகச் செங்கோணத்தில் ராவ வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் புதுக்கை அரத்தைத் தள்ளும்போது ஊஞ்சல் மாதிரி ஆடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாகிவிடும். பத்தாவதைத் தட்டுத்தடுமாறித் தேறி, பயந்துகொண்டே சேர்ந்தவன் நான். முதல் வாரம் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

எங்கள் சார் ஒரு காரியம் செய்வார். துண்டின் மேல் செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் கசியும். “இடது மூலையில வெளிச்சம் தெரியுது. போ.” அவ்வளவுதான் சொல்வார். மறுபடி ராவிக்கொண்டு போவேன். “இப்போ நடுவுல தெரியுது. இடுப்பை ஆட்டாத, முழங்கையை ஒட்டிப் பிடி. போ.” நீ மக்கு என்றும் சொன்னதில்லை, நீ கெட்டிக்காரன் என்றும் சொன்னதில்லை. என்னைப் பற்றி அவர் பேசவே இல்லை. வெளிச்சத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அவர் தூக்கிப் பிடித்தபோது வெளிச்சம் தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை என் கையில் வைத்துவிட்டு அடுத்த பையனிடம் போனார். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் கிடைக்காதது அன்று கிடைத்தது.

இப்போது கற்பனைத் திறன் பற்றி ஒன்று சொல்கிறேன், யாரும் அதைத் தொடவில்லை. கம்பெனியில் ஒரு பாகத்தை மெஷினில் தலைகீழாக மாட்டிவிட்டு ரிஜெக்ட் ஆகிக்கொண்டே இருந்தது. தப்பாக மாட்டவே முடியாதபடி, பாகத்தைப் பிடித்துவைக்கும் ஒரு ஃபிக்ஸ்சர் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. முதலில் செய்ததில் பாகம் சிக்கிக்கொண்டது. இரண்டாவதில் இரும்புத் துகள் போய் அடைத்தது. மூன்றாவதில், துகள் கீழே விழ ஒரு சாய்வு வெட்டு கொடுத்தேன், சரியாகிவிட்டது. வேலையை மேம்படுத்த யோசனை சொன்னவர்களைப் போடும் கைசன் பலகையில் என் போட்டோ வந்தது. யோசனை எனக்கு வானத்திலிருந்து வரவில்லை. முதல் இரண்டு தடவை கெட்டபோது ‘வெளிச்சம் எங்கே தெரிகிறது’ என்று பார்க்கும் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான். தப்புக்குப் பயப்படுகிறவன் முதல் ஃபிக்ஸ்சரையே செய்திருக்கமாட்டான்.

பாலக்கோட்டு அக்கா, உங்கள் மகளிடம் கணக்கைப் பார்த்துவிட்டு ‘வெளிச்சம் எந்த வரியில் தெரியுது’ என்று கேட்டுப் பாருங்கள்.

---

மாரண்டஅள்ளிக்காரன் | சனி, மாலை 4:15

ஓசூர் அண்ணா, இது. இதைத்தான் நான் நேற்று சொல்ல வராமல் கோபப்பட்டேன். உங்கள் சார் ஒவ்வொரு முறையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாரே, அந்த ஆள் எனக்கு இல்லை.

---

தளி டீச்சர் | சனி, இரவு 8:45

கற்பனைத் திறன் பேச்சு வந்ததால் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். பல வருடமாக மனதில் கிடக்கிறது.

எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடம் அல்லது தெலுங்கு பேசுவார்கள். பள்ளியில் தமிழ். ஆறாம் வகுப்பில் ஒரு பையன், வீட்டில் கன்னடம், வகுப்பில் வாயே திறக்கமாட்டான். அவன் பெயருக்கு எதிரே ‘மெல்லக் கற்பவர்’ என்று முந்தைய வருடமே குறித்திருந்தார்கள். நானும் அதைப் படித்துவிட்டுத்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். யோசித்துப் பாருங்கள், ஒரு மொழியில் நினைத்து இன்னொரு மொழியில் எழுதுகிற பிள்ளைக்கு நேரம் கூடுதலாகத்தானே ஆகும்?

ஒரு நாள் ‘எங்கள் வயல்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் ‘உழவே உலகிற்கு அச்சாணி’ என்று நோட்ஸில் இருந்ததை எழுதினார்கள். இவன் ஆறே வரி எழுதியிருந்தான். ராகி முற்றும்போது யானை வரும். அப்பா தகர டின்னைத் தட்டுவார். அக்கா அழுவாள், நான் அழமாட்டேன். யானை போன பிறகு வயல் வேறு யாருடைய வயலோ மாதிரி இருக்கும்.

அந்தக் கடைசி வரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. ஆனால் அன்று நான் பார்த்தது பதினான்கு எழுத்துப்பிழைகளை. ர, ற. ல, ள. பதினான்கையும் சிவப்பில் வட்டமிட்டு, பத்துக்கு மூன்று போட்டேன்.

அடுத்த கட்டுரையை அவனும் நோட்ஸ் பார்த்து எழுதினான். பிழையும் இல்லை, யானையும் இல்லை.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பையன் ஒரு பாடத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டுவிட்டான்: சொந்தமாக எழுதினால் அடி, பார்த்து எழுதினால் மதிப்பெண். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அதற்குப் பிறகு முதல் முறை படிக்கும்போது பேனாவையே எடுப்பதில்லை. பென்சிலால் கீழே ஒரே ஒரு கேள்வி எழுதுவேன். அவனுக்கு, ‘யானை எந்தப் பக்கமாக வந்தது?’ என்று எழுதி, பழைய நோட்டையே திருப்பிக் கொடுத்தேன். பக்கம் நிரம்பி வந்தது. அதன் பிறகுதான் எழுத்துப்பிழை, அதுவும் ஒரு தடவைக்கு மூன்று மட்டும். வருடக் கடைசியில் அவனுக்கு ர, ற குழப்பம் முழுக்கத் தீரவில்லை. ஆனால் கையைத் தூக்கினான்.

---

பென்னாகரம் டிரைவர் | சனி, இரவு 10:30

பெங்களூரில் பதினாறு வருடமாக கேப் ஓட்டுகிறேன். வந்த புதிதில் போனில் வழி சொல்லும் வசதி இல்லை. மெஜஸ்டிக்கிலிருந்து யஷ்வந்த்பூர் போகவே மூன்று பேரைக் கேட்பேன். ஒன்வேயில் மாட்டி ஃபைன் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் வழி தப்பிய சந்துகளை ராத்திரி ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டு வைப்பேன். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் பையன், “அப்பா, உனக்கு வழி ஞாபகம் பொறவியிலேயே இருக்கு” என்கிறான். இல்லடா என்றால் நம்பமாட்டேன் என்கிறான். என்ன சொல்வது?

---

ஊத்தங்கரை மாணவி | சனி, இரவு 10:55

அண்ணா, அந்த நோட்டைக் காட்டுங்கள், இருந்தால்!

உங்களைப் பற்றியே ஓர் ஆய்வு இருக்கிறது என்று சொல்லலாம். லண்டனில் டாக்சி உரிமம் வாங்க ஏறக்குறைய 25,000 தெருக்களை மனதில் வைத்திருக்க வேண்டும். எலினார் மக்வயர் என்ற அறிவியலாளர் 2000-ல் அந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். இட நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. உடனே உங்கள் பையன் கேட்ட கேள்விதான் எழுந்தது. பிறவியிலேயே பெரிதாக இருந்தவர்கள்தான் டாக்சி ஓட்ட வந்தார்களோ?

அதற்காகப் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் செய்து, மூன்று நான்கு வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அது 2011-ல் வெளிவந்தது. தொடக்கத்தில் எல்லோர் மூளையும் ஒன்று போலத்தான் இருந்தது. தேறிய 39 பேருக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

---

மாரண்டஅள்ளிக்காரன் | ஞாயிறு, காலை 7:40

எல்லாம் படித்தேன். தளி டீச்சர் எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

இன்னும் ஒரு கேள்விதான். ஒரு வகுப்பில் 42 பிள்ளைகள். போர்ஷன் முடிக்க வேண்டும். செயலியில் பதிவு போட வேண்டும். கோகோ ஆட்டமா, களி உருண்டையா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்க எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது?

---

அரூர் வாத்தியார் | ஞாயிறு, காலை 9:15

நியாயமான கேள்வி. எனக்கும் இருந்தது.

நம் ஊரில் இதற்கு முயன்று பார்க்காமல் இல்லை. செயல்வழிக் கற்றல் வந்ததே ஞாபகம் இருக்கிறதா? ரிஷிவேலிப் பள்ளியின் முறையை ஒட்டிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஏணிப்படியில் அவரவர் படியில் நின்று, அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் ஏறுவது. பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, எழுதி அழித்து எழுத. வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். குறைகள் இருந்தன, நானே சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் தரையோரம் இருந்த அந்தக் கரும்பலகை எனக்கு இன்றும் பிடிக்கும். அதில் போட்ட தப்பு யாருக்கும் காயம் இல்லை, கையால் துடைத்தால் போயிற்று.

பிறகு 2012-13-ல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு வந்தது. பெயரைப் பாருங்கள், வளரறி! பிள்ளை வளர்வதை அறிவதற்கான மதிப்பீடு. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அதற்கு. பல இடங்களில் அது கடையில் வாங்கிய சார்ட்டாகவும் கடைசி நாளில் நிரப்பிய பதிவேடாகவும் போனது. அண்மையில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர் வைத்தார்கள். அரும்பு என்றால் மலரப்போகிறது என்றுதானே பொருள்? ஆனால் “இவன் அரும்பு சார்” என்று பிள்ளையை விரல் நீட்டிக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொனியில் சொன்னால் அரும்பும் மக்கும் ஒன்றுதான்.

சரி, 42 பேருக்கு என்ன செய்வது? நான் கடைசி ஆறு வருடம் செய்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஐந்தே ஐந்து கணக்கு. திருத்தும்போது மதிப்பெண் போடமாட்டேன், தப்பு தொடங்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பேன். திங்கட்கிழமை பக்கத்து இருக்கைக்காரனோடு நோட்டை மாற்றிக்கொண்டு, அந்தப் புள்ளி ஏன் வந்தது என்று இருவரும் பேச வேண்டும். பிறகு திருத்தி எழுதலாம். சரியாக வந்தால் முழு மதிப்பெண், முதல் முறையே சரியாகப் போட்டவனுக்குக் கிடைத்த அதே மதிப்பெண். எப்படிப் போட்டாய் என்று நேரில் கேட்பது ஒரு நாளைக்கு எட்டு பேரிடம். ஒரு வாரத்தில் வகுப்பு ஏறக்குறைய ஒரு சுற்று வந்துவிடும்.

முதல் மாதம் போர்ஷன் பின்தங்கியது, உண்மை. இரண்டாம் பருவத்தில் எட்டிப் பிடித்துவிட்டேன், ஏனென்றால் பின்னத்தை மூன்றாம் முறையாக நடத்த வேண்டியிருக்கவில்லை. முதல் முறையே சரியாகப் போடும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் வந்து சண்டை போட்டார்கள். ‘எங்க பையனுக்கும் அவனுக்கும் ஒரே மார்க்கா?’ என்றார்கள். அதற்கு நான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் வாய்ப்பு இல்லாத இடத்தில் ‘நீ வளர்வாய்’ என்று பிள்ளையிடம் சொல்வது பொய்.

---

பாலக்கோட்டு அம்மா | ஞாயிறு, இரவு 9:30

உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. சுவரில் ஒட்டியதை எடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் நேற்றைய மண்டிச் சீட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் கணக்கு வராது என்று சொல்லித் திரிகிறேனே, மண்டியில் தினமும் மனக்கணக்காகத்தானே போடுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. 18 பெட்டி, பெட்டி 310 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து. ஏற்றுக்கூலி பெட்டிக்கு 8 ரூபாய். கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். நானும் தனியாகப் போட்டேன்.

எனக்கு 4,878 வந்தது. சீட்டிலும் அதுதான். அவளுக்கு 4,892 ரூபாய் 40 காசு. உடனே முகம் வாடிவிட்டது. “பாத்தியா, சொன்னேன்ல” என்றாள். வாயில் ‘பரவாயில்ல கண்ணு’ வந்தது, அடக்கிக்கொண்டேன். “எப்படிப் போட்ட?” என்று கேட்டேன். மொத்தம் 5,580-ல் கூலி 144-ஐ முதலில் கழித்துவிட்டு, மீதிக்குக் கமிஷன் போட்டிருக்கிறாள். நான் மொத்தத்துக்கும் கமிஷன் போட்டுவிட்டுக் கூலியைக் கழித்தேன். இரண்டிலும் கூட்டல் கழித்தல் தப்பில்லை. அப்புறம் ஏன் வேறு வேறு?

எனக்குத் தெரியவில்லை, அதை அப்படியே சொன்னேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். வித்தியாசம் 14 ரூபாய் 40 காசு. நான் மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனேன். அவள் உள்ளிருந்து கத்துகிறாள், “அம்மா, 144-ல பத்துல ஒண்ணு 14.40! கூலிக்கும் சேர்த்து அவங்க கமிஷன் எடுக்கறாங்க, அதான்!”

ஓடி வந்து பார்த்தேன். ஆமாம். இத்தனை வருடம் நான் அப்படி யோசித்ததே இல்லை.

தேர்வு விண்ணப்பம் பற்றி நான் பேச்சு எடுக்கவில்லை. இரண்டு நாள் போகட்டும். நாளைக்கு மண்டியில் எதை முதலில் கழிப்பது வழக்கம் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

---

ஓசூர் ஃபிட்டர் | ஞாயிறு, இரவு 9:50

அக்கா, வெளிச்சம் எங்கே தெரியுதுன்னு உங்க பொண்ணே கண்டுபிடிச்சுட்டா. நாளைக்கு மறக்காமல் எழுதுங்கள்.

---

பாலக்கோட்டு அம்மா | திங்கள், பிற்பகல் 1:15

கேட்டேன். மொத்த விலைக்குத்தான் கமிஷன், எல்லோருக்கும் அப்படித்தான் என்றார் மண்டிக்காரர். ஏன் கேட்கிறீர்கள் என்றார், மகள் கேட்டாள் என்றேன். சாயங்காலம் அவள் வந்ததும் சொல்ல வேண்டும். சீட்டைப் பத்திரமாக மடித்து அவள் கணக்கு நோட்டில் வைத்திருக்கிறேன்.